பூஜ்யம் அனுப்பினால் ரிலே ஆன்: 34907ஏ கார்டு, இரண்டு வருட அனுபவம்

கோவையில் பம்ப் மோட்டார் சோதிக்கும் பெஞ்ச் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே 34970ஏ டேட்டா லாகர், அதாவது அளவீடுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி, இருக்கிறது. எச்பி காலத்துப் பெட்டி. பிறகு அஜிலென்ட் ஆனது, இப்போது கீசைட். பின்னால் மூன்று ஸ்லாட். மூன்றாவதில் 34907ஏ மல்டிஃபங்ஷன் கார்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டேன். எட்டு பிட் போர்ட் இரண்டு, 26 பிட் கவுன்ட்டர் ஒன்று, அனலாக் வெளியீடு இரண்டு. அனலாக் பக்கம் நான் போனதே இல்லை.

கட்டளைகள் ஸ்கிபி வகை (அளவீட்டுக் கருவிகளுக்கான பொதுக் கட்டளை மொழி), படித்தாலே புரியும். 'சோர்ஸ் டிஜிட்டல் டேட்டா பைட்', ஒரு எண், அப்புறம் சேனல் 301, அதாவது மூன்றாவது ஸ்லாட்டின் முதல் போர்ட்; இரண்டாவது போர்ட் 302. அவ்வளவுதான். உள்ளீட்டைப் படிக்க 'சோர்ஸ்' இருந்த இடத்தில் 'சென்ஸ்', கூடவே ஒரு கேள்விக்குறி. ஆர்எஸ்-232 கேபிளை மாட்டி, டெர்மினலில் கையாலேயே தட்டிப் பார்க்கலாம்.

முதல் நாள் அப்படித்தான் தட்டினேன். போர்ட்டின் ஒவ்வொரு பிட்டிலும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). பிட் 2-இல் இருக்கும் ரிலேயை மட்டும் போட வேண்டும், அந்த பிட்டின் மதிப்பு 4, சரி, 4 என்று அனுப்பினேன். மற்ற ஏழு ரிலேயும் படபடவென்று ஆன் ஆயின. எனக்கு வேண்டியது மட்டும் அசையவில்லை. நல்லவேளை, மோட்டாருக்கு இன்னும் கரன்ட் கொடுக்கவில்லை. வெளியீடு ஓப்பன் டிரெயின் என்பதை நான்தான் யோசிக்கவில்லை: 0 எழுதினால்தான் கோடு தரைக்கு இழுக்கும். 4-க்குப் பதில் 255-இல் 4 போக 251 அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் இந்தத் தலைகீழ் கணக்கில் ஒரு லாபமும் உண்டு. ஒரு கோடு 400 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், 42 வோல்ட் வரை தாங்கும். 24 வோல்ட் ரிலேயை நேராகவே ஓட்டலாம். காயிலுக்குக் குறுக்கே டையோடு போட மறக்காதீர்கள். பெட்டியை ரீசெட் செய்தால் போர்ட்டுகள் உள்ளீடாகிவிடும், ரிலே எல்லாம் விட்டுவிடும். சோதனை பெஞ்சுக்கு அதுதான் வேண்டும்.

தனி பிட்டை மாற்ற முழு பைட்டையும் எழுத வேண்டும். கடைசியாக எழுதிய எண்ணை என் பைத்தான் நிரலே நினைவில் வைத்துக்கொள்கிறது. கீத்லி 2602பி என்ற வேறொரு அளவீட்டுக் கருவியில் 14 டிஜிட்டல் கோடுகள், ஒவ்வொன்றையும் ரைட்பிட் என்று தனித்தனியாக எழுதலாம். அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னொரு தடவை, ரிலே நிலையையும் பதிவு செய்யலாமே என்று 301-ஐ ஸ்கேன் பட்டியலில் (பெட்டி தானாக வரிசையாகப் படிக்கும் சேனல்கள்) சேர்த்தேன். ஸ்கேனில் சேர்ந்த போர்ட் உள்ளீடாக மாறிவிடும் என்று மேனுவலில் தெளிவாகவே இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்ற பிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். இப்போது 301 எழுத மட்டும், 302 படிக்க மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கவுன்ட்டர். ஃப்ளோ மீட்டர் பல்ஸை நொடிக்கு ஒரு லட்சம் வரை எண்ணும். 6,71,08,863-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். வருவது டிடிஎல் பல்ஸா (டிஜிட்டல் அளவு பல்ஸ்), ஏசி சிக்னலா என்பதைக் கார்டிலேயே ஜம்பரால் மாற்ற வேண்டும். கட்டளையில் தேடி ஒரு மதியம் போனது.

பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஸ்லாட்டில் செருகி, 'சிஸ்டம் சிடைப்' என்று கேள்விக்குறியோடு 300-ஐ (மூன்றாவது ஸ்லாட்) கேட்டுப் பாருங்கள். கார்டு தன் பெயரைச் சொல்ல வேண்டும்.