ஒரே வாசலில் சாகாவும் பெஸ்ஸாவும்

மலேசியாவில் ஐம்பதாயிரம் வெள்ளிக்குள், தனி பூட் உள்ள புதுக் காடி வேண்டும் என்று யார் கேட்டாலும் பேச்சு இரண்டு பெயரில்தான் வந்து நிற்கும்: புரோட்டோன் சாகா, பெரோடுவா பெஸ்ஸா. எங்கள் வீட்டு வாசலில் இரண்டும் நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் முகம் மாறி வந்த சாகாவின் பிரீமியம் ஆட்டோ என் பெயரில் இருக்கிறது. 2020 ஜனவரியில் புதுப்பித்து வந்த பெஸ்ஸாவின் உச்ச ரகமான 1.3 ஏவி மனைவி பெயரில். பெயரெல்லாம் கிராண்டில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், மட்டும்தான். காலையில் எது வெளியே எடுக்க வசதியாக நிற்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆகவே கிள்ளான் நெரிசல், காராக் மலைப்பாதை, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை எல்லாவற்றிலும் இரண்டையும் நிறையவே ஓட்டியாகிவிட்டது.

பிரோஷரைப் பார்த்து முடிவெடுக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. எண்களில் எங்கள் காடிகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாகாவின் இஞ்சின் 1332 சிசி, பெஸ்ஸாவுடையது 1329 சிசி. குதிரைத்திறன் இரண்டிலும் 95 பக்கம். முறுக்குவிசை சாகாவில் 120 நியூட்டன் மீட்டர், பெஸ்ஸாவில் 121. இரண்டுக்கும் நான்கு வேக ஆட்டோ கியர். இந்தத் தலைமுறை சாகா 2016 செப்டம்பரில் வந்தது, பெஸ்ஸா அதே ஆண்டு ஜூலையில். அப்புறம் ஏன் ஓட்டும்போது இரண்டும் இவ்வளவு வேறாகத் தெரிகின்றன? எடைதான். சாகா பெஸ்ஸாவைவிட நூறு கிலோவுக்கும் மேல் கூடுதல். பின்னிருக்கையில் எப்போதும் ஒரு தடித்த மாமாவையும் அவருடைய பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவதுபோல. இனி நான் சொல்லப்போகும் நல்லது கெட்டது பெரும்பாலும் அந்த நூறு கிலோவில் போய்த்தான் முடியும்.

ஊருக்குள் பெஸ்ஸா கெட்டிக்காரக் காடி. ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் ஒரு விரலில் திருப்பலாம். பேரங்காடியின் நெருக்கமான கார் நிறுத்துமிடத்தில் மனைவி ஒரே வெட்டில் உள்ளே விடுவார். அதே இடத்தில் சாகாவை நிறுத்த எனக்கு ஒரு முறை பின்வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் பெஸ்ஸா சட்டென்று கிளம்பும். சாகா ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். மூன்று சிலிண்டர் 1.0 பெஸ்ஸாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 67 குதிரைத்திறன். தனியாக வேலைக்குப் போய்வர அது போதும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு கெந்திங் செம்பா ஏற்றத்தில் போகும்போது ஏர்கோனை அணைக்கலாமா என்று மனம் கேட்கும்.

டோல் தாண்டி நெடுஞ்சாலை ஏறினால் கதை மாறிவிடுகிறது. எங்கள் சாகா பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில்தான் ஓடுகிறது. நிறுத்துமிடத்தில் கனமாக இருந்த அதே ஸ்டியரிங் 110-இல் போகும்போது கையில் உறுதியாக நிற்கும். கண்டெய்னர் லாரி ஒன்றை முந்தும்போது பக்கவாட்டில் காற்று அடிக்கும் பாருங்கள், அந்த இடத்தில் பெஸ்ஸா லேசாக விலகும், நாம் திருத்திப் பிடிக்க வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, பழகிவிடும். ஆனால் ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் வளைவுகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவருக்கு வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாகா வளைவில் உட்கார்ந்து போகும், பெஸ்ஸா சாய்ந்து போகும். மேடுபள்ளத்திலும் அப்படித்தான். கம்பத்துச் சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் வேகத்தடைகளை சாகா ஒரு "தொம்" சத்தத்தோடு முடித்துவிடும். பெஸ்ஸாவில் பின்னால் இருப்பவர்கள் இரண்டாவது தடவையும் ஆடுவார்கள்.

ஏற்றத்தில் இரண்டுமே கத்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு கியர்தான் என்பதால் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது இஞ்சின் சத்தம் திடீரென்று உயரும். முதல் தடவை கேட்கிறவர் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார். உள்ளே கேட்கும் சத்தம் சாகாவில் கொஞ்சம் குறைவு. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பெஸ்ஸாவில் பின்னிருக்கையோடு பேச குரலை உயர்த்த வேண்டும். என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஏம்ப்பா, உன் காடியிலேயே போயிடலாமே" என்பார் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும். மருமகள் காதில் விழாத தூரத்தில்தான் சொல்வார்.

பூட் விஷயத்தில் பேச்சே கிடையாது, பெஸ்ஸாதான். 508 லிட்டர். சாகா 420. தீபாவளிக்கு வடக்கே போகும்போது துணிப்பெட்டி, முறுக்கு டின், தம்பி பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள் என்று எல்லாமே பெஸ்ஸாவில் அடங்கிவிடும். சாகாவில் முறுக்கு டின் யார் மடியிலாவது வர வேண்டியிருக்கும். பெஸ்ஸாவை இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் இவ்வளவு விரும்புவதற்கு இந்த பூட்டும் ஒரு காரணம். விமான நிலையத்துக்குப் போகும் குடும்பம் மூன்று பெரிய பெட்டியோடு நின்றாலும் கவலை இல்லை. "கிராப் காடி" என்று சிலர் கிண்டல் செய்வார்கள். ஒரு காலத்தில் சாகாவும் டாக்சியாகத்தான் நாடெங்கும் ஓடியது, அதனால் அந்தக் கிண்டல் இருவருக்கும் பொது.

சின்னச் சின்ன வசதிகளில் பெஸ்ஸா யோசித்துச் செய்திருக்கிறது. முன்னிருக்கை ஓரத்தில் கைப்பையை மாட்ட ஒரு கொக்கி உண்டு. கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பவர்களுக்காக வைத்தது. மனைவி அதை ஒரு நாளும் மறந்ததில்லை. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திறந்து, பொத்தானை அழுத்திக் கிளப்பலாம். எங்கள் சாகாவுக்கு இன்னும் சாவியைச் செருகித் திருகணும் (2022-இல் வந்த பிரீமியம் எஸ்ஸில்தான் அந்தப் பொத்தான் வந்தது). சாகாவின் பங்குக்குப் பின்னிருக்கைக்காரர்களுக்கு யூஎஸ்பி துளை இரண்டு இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரண சமாச்சாரம் இல்லை, சண்டையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பெஸ்ஸாவின் எகோ ஐடில் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. சிவப்பு விளக்கில் இஞ்சின் தானாக நின்று, பிரேக்கை விட்டதும் மறுபடி கிளம்பும். பெட்ரோல் மிச்சம்தான். ஆனால் இஞ்சின் நின்றால் ஏர்கோனின் கம்ப்ரஸரும் நிற்கும். மதியம் இரண்டு மணி வெயிலில், நீண்ட சிவப்பு விளக்கில், வென்டிலிருந்து வெறும் காற்று வரும்போது அந்த மிச்சம் யாருக்கு வேண்டும்? போதாததற்கு இதற்கான பேட்டரியும் சாதாரண பேட்டரியைவிட விலை அதிகம். நான் ஏறினால் முதல் வேலை அந்தப் பொத்தானை அமுக்கி அணைப்பதுதான். மனைவி அணைப்பதில்லை.

சரி, பெட்ரோல். இங்கேதான் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பெஸ்ஸா என்கிறார்கள், உண்மையும்தான். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் எங்கள் சாகா லிட்டருக்கு 13 கிலோமீட்டர் பக்கம் தருகிறது, பெஸ்ஸா 16 பக்கம். சாகாவின் தொட்டி 40 லிட்டர், பெஸ்ஸாவுடையது 36. சின்னத் தொட்டியை வைத்துக்கொண்டே பெஸ்ஸா கூடுதல் தூரம் போகிறது. ஆனால் இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். மாதம் 1500 கிலோமீட்டர் ஓடினால் சாகாவுக்கு ஏறக்குறைய 115 லிட்டர், பெஸ்ஸாவுக்கு 94. வித்தியாசம் 21 லிட்டர் சொச்சம். அரசின் பெட்ரோல் மானியத் திட்டமான பூடி95-இல் ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் ஒரு வரம்பு வரைக்கும் அந்த விலை. இரண்டில் எதை ஓட்டினாலும் அந்த வரம்புக்குள் வரும். மிச்சம் மாதம் 43 வெள்ளி.

இப்போது வாங்கிய விலையைப் பாருங்கள். அறிமுகத்தில் சாகா பிரீமியம் 39,800 வெள்ளி, பெஸ்ஸா ஏவி 49,980. இடைவெளி பத்தாயிரத்துச் சொச்சம். அதை மாதம் 43 வெள்ளியாகத் திருப்பி எடுக்க இருபது ஆண்டு ஆகும்! ஒரு படி கீழே உள்ள பெஸ்ஸா 1.3 எக்ஸ் அப்போது 43,980 வெள்ளி. அதோடு ஒப்பிட்டாலும் எட்டு ஆண்டு. கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். பெட்ரோல் மிச்சம் என்பதற்காக மட்டும் பெஸ்ஸா வாங்குகிறேன் என்று சொல்பவர் கையில் கால்குலேட்டரைக் கொடுக்க எனக்கு ஆசை. மாதம் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக் கணக்கு வேறு, அவர் பெஸ்ஸாவே வாங்கட்டும். சாலை வரியில் ஒரு லாபமும் இல்லை, 1.3 என்றால் தீபகற்பத்தில் இரண்டுக்கும் 70 வெள்ளிதான். 1.0 பெஸ்ஸாவுக்கு 20.

நான் போட்ட இந்தக் கணக்கை மனைவி ஒரே வார்த்தையில் கலைத்துவிடுவார்: "விக்கும்போது?" பழைய காடிச் சந்தையில் பெரோடுவா விலை அவ்வளவு லேசில் இறங்காது. ஓடித் தேய்ந்த பெஸ்ஸாவையும் வந்து கொத்திக்கொண்டு போவார்கள். அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அங்கே திரும்பி வந்துவிடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டு ஓட்டிவிட்டுத்தான் விற்பேன் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது அவ்வளவு பெரிய ஆறுதல் இல்லை.

விலை கூடுதலுக்கு ஏவி தரும் உண்மையான பொருள் வேறு: ஏ.எஸ்.ஏ. முன்னால் உள்ள வண்டியை மோதப்போனால் எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் போடும். பிரேக் என்று நினைத்து எண்ணெய் மிதியை அழுத்தினாலும் தடுக்கும். 2020 வடிவத்தில் நடந்துபோகிறவர்களையும் அது பார்க்கிறது. எங்கள் சாகாவில் இது எதுவும் இல்லை. இரண்டுக்கும் காற்றுப்பை இரண்டுதான், சறுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு இரண்டிலும் உண்டு. ஆசியான் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 2016-இல் அந்தக் கட்டுப்பாடு உள்ள பெஸ்ஸாவுக்கு ஐந்து நட்சத்திரம், சாகாவுக்கு நான்கு. வீட்டில் லைசென்ஸ் எடுத்து 'பி' ஒட்டிக்கொண்டு ஓட்டும் பிள்ளை இருந்தால், அல்லது அறுபது தாண்டிய அப்பா இன்னும் ஓட்டுகிறார் என்றால், என் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டு ஏவி வாங்கச் சொல்வேன்.

பராமரிப்பில் பெரிய கதை இல்லை. இரண்டுக்கும் உதிரிபாகம் எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும், மெக்கானிக் யாரும் தலையைச் சொறிய மாட்டார். பழையதாக வாங்குகிறவர்கள் மட்டும் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவும். சாகாவில் டைமிங் பெல்ட், பெஸ்ஸாவில் செயின். பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் இஞ்சினையே பிரிக்க நேரும். ஆகவே மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்தது, 2016 முதல் 2019 நடுப்பகுதி வரை வந்த ஆட்டோ சாகாக்களில் சிவிடி கியர், படிப்படியாக மாறாமல் வழுக்கிக்கொண்டே போகும் வகை. அதற்குப் பிறகு வந்ததில்தான் ஹியூண்டாயிடமிருந்து வாங்கிய நான்கு வேக ஆட்டோ. நான் மேலே எழுதியதெல்லாம் இரண்டாவதைப் பற்றி. விற்பவர் "2019 காடி" என்று சொன்னால் எந்த மாதம் பதிவானது என்பதை கிராண்டில் பாருங்கள், ஏறி உட்கார்ந்து கியர் மாறுவதைக் காதால் கேளுங்கள்.