ட்ராக்கா, ரூட்டா? தேயிலை மலையில் ஆறு வருஷ அனுபவம்

ரெண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் பழைய ஜீபீஎஸ் கைக்கருவி ஒன்றை ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். மழையில் நனைந்தது, கானில் (வடிகாலில்) விழுந்தது, இன்னும் ஓடுகிறது. தோட்டப் பக்கம் நடப்பதாக இருந்தால் ட்ராக்கைத்தான் போடுவேன்.

ரூட்டில் போய்ச் சேர வேண்டிய சில புள்ளிகள் மட்டும் இருக்கும். இடையில் எப்படிப் போவது என்பதைக் கருவியே தன்னிடமுள்ள வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும். ட்ராக் அப்படியில்லை, ஒருவர் நடந்த தடமே அது, நேரமும் உயரமும் சேர்த்து. ரெண்டுமே ஜீபீஎக்ஸ் என்ற, ஜீபீஎஸ் தரவுக்கான ஒரே வகைக் கோப்பாக வருவதால் ஆரம்பத்தில் நானும் குழம்பினேன்.

ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனையிலிருந்து தம்பத்தென்னைத் தோட்டத்துக்கு இறங்க ஒருமுறை ரூட் போட்டேன். வாகனம் போகும் ரோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, நான் குறுக்கே இறங்கும்போதெல்லாம் திரும்பச் சொன்னது. எரிச்சலில் நேர்கோட்டு முறைக்கு மாற்றினேன். அம்புக்குறி தேயிலைச் செடிகளுக்கு நடுவே கீழே காட்டியது. பனிமூட்டம் வேறு. கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா சத்தம் போட்டார்: "தம்பி, அங்கிட்டு எங்க போறீங்க? அது கவ்வாத்து வெட்டின (செடியைக் கத்தரித்துவிட்ட) மலை, கீழ பெரிய கான் இருக்கு. படிக்கட்டு இந்தப் பக்கம்!"

அன்றிலிருந்து ஏறும்போதே ட்ராக் பதிவை ஓடவிட்டு, இறங்கும்போது அதையே பின்தொடர்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் கிரிகல்பொத்த மலைக்கு (2,388 மீற்றர்) போய்த் திரும்பியபோது மூடுபனியில் கைகொடுத்தது அதுதான்.

குறையும் உண்டு. ட்ராக் திருப்பம் வருவதைச் சொல்லாது, திரையை நாம்தான் பார்க்க வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் கோடு கொஞ்சம் தள்ளாடும். அதனால் பாதை பிரியும் இடங்களில் தனியாக ஒரு புள்ளி குறித்துவைப்பேன். என்னுடையதில் ஒரு பதிவுக்கு 10,000 புள்ளிதான். விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், தானியங்கி இடைவெளியே போதும்.

மோட்டார் சைக்கிளில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போனால் மட்டும் ரூட். அதில் சண்டையில்லை.

அந்த அக்கா காட்டிய படிக்கட்டைப் பிறகு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நானே வரைந்துவிட்டேன். கருவியில் உள்ள வரைபடத்தை அதிலிருந்து புதுப்பித்த பிறகு ரூட்டும் அந்த வழியாகவே இறக்குகிறது. பக்கத்து டிவிஷன் குறுக்குப் பாதைகள்தான் இன்னும் பாக்கி.