ஃபோட்டான்களை எண்ணிப் பார்க்க ஒரு காப்பகம்: ஃபெர்மி காமா வெடிப்புத் தரவுச் சேவை

ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவி, தொலைதூர விண்வெளியில் திடீரென எழுந்து மறையும் காமாக் கதிர் வெடிப்புகளைப் பற்றிப் பதிவுசெய்யும் தரவுகளை நாசாவின் ஹீசார்க் காப்பகம் யாருக்கும் கட்டணமின்றி வழங்குகிறது. அவற்றைப் பகுத்தாய உதவும் ‘காமா-ரே டேட்டா டூல்ஸ்’ என்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பும் இலவசமே. இவ்விரண்டையும் எடைபோட, 2020 ஆகஸ்ட் 26 அன்று பதிவாகி வானியலாளர்களைத் திகைக்க வைத்த ஜிஆர்பி 200826ஏ என்ற வெடிப்பை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வினாடிக்குக் குறைவாக நீடிக்கும் வெடிப்புகள் நியூட்ரான் விண்மீன்களின் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்களின்) இணைவில் பிறக்கின்றன, நீண்டவை பெருநிறை விண்மீன்கள் தம்முள் சரியும்போது பிறக்கின்றன என்பதே நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் பாகுபாடு. இந்த வெடிப்பு ஏறத்தாழ ஒரு வினாடியே நீடித்தது. ஆனால் அதன் பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியை, தொடர்ந்து கவனித்தபோது, ஜெமினி வடக்குத் தொலைநோக்கியின் படங்களில் சூப்பர்நோவாவுக்குரிய (விண்மீன் வெடித்துச் சிதறுவதற்குரிய) ஒளிர்வு தென்பட்டது. ஆக, குறுகிய வெடிப்பின் உருவில் வந்தது ஒரு விண்மீனின் சரிவு.

காப்பகத்தின் மிகப் பெரிய சிறப்பு, முன்கூட்டியே தொகுக்கப்பட்ட வரைபடத்தோடு நின்றுவிடாமல், உணரியில் பதிந்த ஒளித்துகள் (ஃபோட்டான்) முதலிய ஒவ்வொரு நிகழ்வின் வருகை நேரத்தையும் 2 மைக்ரோவினாடி நுட்பத்தில், 128 ஆற்றல் அலைவரிசைகளாகப் பிரித்துத் தருவதுதான். ஒரு வினாடி அகலத் துண்டுகளாகப் பிரித்தால் இந்த வெடிப்பு ஓரிரு பட்டைகளுக்குள் அடங்கிப்போகிறது. அதே தரவை 64 மில்லிவினாடித் துண்டுகளாக மாற்றியதும் கூர்மையாக எழுந்து இறங்கும் துடிப்பின் வடிவம் தெளிவாகிறது. இந்த மாற்றத்தை நிரலில் ஓர் எண்ணைத் திருத்தியே செய்துவிட முடிகிறது என்பது, கணினித் திரையில் தரவோடு பேசிப் பழகியவர்களுக்கு எத்தனை பெரிய வசதி!

உணரிகளைத் தேர்ந்தெடுப்பது ஆய்வாளரின் பொறுப்பு. 12 சோடியம் அயோடைடு உணரிகளும் வெவ்வேறு திசைகளை நோக்குவதால், வெடிப்பு நிகழ்ந்த திசைக்கு நெருங்கியவற்றையே எடுக்க வேண்டும். உயர் ஆற்றலுக்கு 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகள் உள்ளன. இதைவிடக் கவனம் கேட்பது பின்னணிக் கதிர்வீச்சு. துணைக்கோள் புவியைச் சுற்றிவரும்போது பின்னணி ஏறி இறங்குவதால், வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைக் குறித்து அதற்கு ஒரு வளைகோட்டைப் பொருத்த வேண்டும். அந்தப் பகுதிகளை மாற்றினால் வெடிப்பின் கால அளவும் சற்றே நகரும். மென்பொருள் இதை மறைக்காமல் நம் கையிலேயே விடுவதை நான் நேர்மையான வடிவமைப்பாகவே கருதுகிறேன்.

நிறமாலைக்கு, அதாவது கதிர்வீச்சு ஆற்றல் வாரியாகப் பரவியுள்ள விதத்துக்கு, வளைகோடு பொருத்தும் பகுதியும் நம்பகமானது. பொருத்தத்தில் கிடைக்கும் உச்ச ஆற்றல் (கதிர்வீச்சு மிகுதியாக வெளிப்படும் ஆற்றல்) 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே அமைகிறது. குறுகிய வெடிப்புகளில் வழக்கமாகக் காணும் கடினமான, அதாவது உயர் ஆற்றல் மிகுந்த நிறமாலையோடு ஒப்பிட இது மென்மையானது. கால அளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தடயம் கிட்டாது.

குறை என்றால், பைத்தான் அறியாதவருக்கு இந்தத் தொகுப்பு உதவாது. காப்பகத்தின் வெடிப்புப் பட்டியலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது கால அளவு என்பதால், புதியவர் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. நிறமாலையின் கடினத்தன்மையையும் அதன் அருகிலேயே வைத்திருந்தால் நன்றாக இருக்கும். தொலைவைக் காமாக் கதிர் தரவு மட்டும் சொல்லாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பிற தொலைநோக்கிகள் அளந்த 0.75 அளவிலான செம்பெயர்ச்சியை (பேரண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவை) கணக்கில் எடுத்தால், பேரண்ட விரிவால் நீண்டு நம்மை அடைந்த அந்த ஒரு வினாடி, வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் சுமார் 0.6 வினாடியாகச் சுருங்குகிறது. நிரலாக்கத்தில் அடிப்படைப் பயிற்சி உள்ள இயற்பியல் மாணவர்களுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்; முதல் ஆய்வுக்கு இந்த வெடிப்பையே எடுத்துக்கொள்ளலாம்.