சத்துக் கணக்கை யார் சொன்னால் நம்பலாம்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, மாமனாருக்கு ரத்த அழுத்தம், சமையல் என் கையில். எதில் எவ்வளவு மாவுச்சத்து, எதில் எவ்வளவு உப்பு என்று தேடிப் படிப்பது அன்றாட வேலையாகிவிட்டது. அரசு அட்டவணை, வெளிநாட்டு மருத்துவத் தளங்கள், தமிழ்ப் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கம், போனில் கலோரி ஆப் என்று சில வருடங்களாக எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது நின்றது, எதைக் கைவிட்டேன், ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்கு மேலே டாக்டர் படம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உள்ளே இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் பலன் தருகிறது.

கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். வட ஆற்காட்டுப் பக்கம் களி என்றால், நொய்யை வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி உருட்டுவோம். "ஒரு களி உருண்டையில் 344 மில்லிகிராம் கால்சியம்" என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். 344 என்பது பொய்யான எண் இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் உள்ள எண்தான் அது. ஆனால் அது 100 கிராம் வேகாத கேழ்வரகுக்கானது. நான் தராசில் வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டு உருண்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம் மாவு போகிறது, மீதி நொய்யும் தண்ணீரும். கணக்குப் போட்டால் கால்சியம் 210 பக்கம் வரும். எழுதியவர் எண்ணை எடுத்தார், அதோடு ஒட்டியிருந்த "100 கிராம், வேகாதது" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டார். ஊட்டச்சத்துக் கட்டுரைகளில் நான் பார்க்கிற கோளாறில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

அதே நிறுவனம் 2017-இல் புதிய உணவுச் சத்து அட்டவணையை வெளியிட்டது. நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து மாதிரிகள் எடுத்து, 528 உணவுப் பொருள்களில் 151 கூறுகளை அளந்திருக்கிறார்கள். இதில் கேழ்வரகின் கால்சியம் 364. மாவுச்சத்தைப் பாருங்கள்: பழைய அட்டவணையில் 72 கிராம், புதியதில் 66.8. தானியம் மாறிவிடவில்லை. மாவுச்சத்தைக் கணக்கிடும்போது, பழைய முறையில் நாரின் ஒரு பகுதியான கச்சா நார் என்று 3.6 கிராம் மட்டும் கழித்தார்கள். புதிய முறையில் மொத்த நார்ச்சத்தையும் அளந்து 11 கிராமுக்கு மேல் கழிக்கிறார்கள். நாரில் போனது மாவுச்சத்தில் குறைகிறது. ஒரு கட்டுரையில் 72, இன்னொன்றில் 67 என்று பார்த்துவிட்டு "ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு விளக்கம் போதும். எந்த வருட அட்டவணை என்று எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சலிப்பே வந்திருக்காது.

புதிய அட்டவணையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். கேழ்வரகுக்கு நேராக 1342 என்று இருக்கும், 4.184-ஆல் வகுத்தால்தான் நமக்குப் பழகிய கலோரி, சுமார் 320. இதைக் கவனிக்காமல் "1342 கலோரி" என்று போட்ட பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஆளின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் 100 கிராம் மாவில் இருக்கிறது என்றால் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டாமா? வெளியிடுமுன் இரண்டாவது ஆள் படிக்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இது விளையாட்டு இல்லை. "கேவுரு களியில சர்க்கரை ஏறாதுன்னு போட்டிருக்கேம்மா, இன்னொரு உருண்டை வையேன்" என்று மாமியார் கேட்டார். "ஏறாதுன்னு இல்ல அத்தை, கொஞ்சம் மெதுவா ஏறலாம், அவ்வளவுதான். நூறு கிராம் அரிசியில மாவுச்சத்து 78 கிராம்னா இதுல 67" என்றேன். நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை, நல்லதுதான். ஆனால் மாவை எவ்வளவு நைசாக அரைத்தோம், எவ்வளவு நேரம் வேகவைத்தோம், எத்தனை உருண்டை வைத்தோம் என்பதையெல்லாம் பொறுத்து ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் மாறும். இந்த வரியையும் சேர்த்து எழுதும் இடங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கேழ்வரகில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்ற பொருள் இருப்பதால் அட்டவணையில் உள்ள கால்சியம் முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது என்பதையும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் கூடுதல் மரியாதை.

அடுத்தது முருங்கைக்கீரைப் பொடி. "பாலைவிட 17 மடங்கு கால்சியம்" என்ற வாசகம் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. அந்த 17 மடங்கை அப்படியே ஏற்றுக்கொண்டே கணக்குப் போடலாம். 100 கிராம் பசும்பாலில் 118 மில்லிகிராம். அதன் 17 மடங்கு சுமார் 2000, அதுவும் 100 கிராம் உலர்ந்த பொடிக்கு. நூறு கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு ஸ்பூன், 5 கிராம் என்று வைத்தால் 100 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால், 150 மில்லி, அதில் சுமார் 175. அதாவது நாம் நிஜமாகச் சாப்பிடும் அளவில் பால்தான் முன்னே நிற்கிறது. முருங்கைக்கீரை அருமையான கீரை, எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் உண்டு. அதற்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. பச்சைக் கீரைக்கும் 440 என்ற பழைய எண்ணையே இன்னும் பலர் போடுகிறார்கள். 2017 அட்டவணையில் அது 314.

வெளிநாட்டுத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பக்கங்களின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்பதும் இருக்கும். ஹெல்த்லைன் கட்டுரைகளில் யார் எழுதினார், யார் மருத்துவ ரீதியாகச் சரிபார்த்தார், எப்போது திருத்தினார்கள் என்று போடுகிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு முடிவுக்கும் சான்றின் உறுதி உயர்வா, நடுத்தரமா, குறைவா, மிகக் குறைவா என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவது. அமெரிக்க வேளாண்துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல் நல்ல களஞ்சியம். ஆனால் அதில் ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்களும் இருக்கின்றன, கம்பெனிகள் தங்கள் லேபிளில் இருந்து கொடுத்த எண்களும் இருக்கின்றன. எந்தப் பிரிவில் இருந்து எடுத்தார்கள் என்று சொல்லாமல் அதன் பெயரை மட்டும் போட்டால் பாதித் தகவல்தான். இந்தத் தளங்களில் நமக்குக் குறை என்னவென்றால், நம் சாப்பாடு அங்கே இல்லை. ஓட்ஸுக்குப் பத்துக் கட்டுரை கிடைக்கும், கூழுக்கு ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெனீவாவில் இருந்த ஹெல்த் ஆன் தி நெட் என்ற அமைப்பு நம்பகமான மருத்துவத் தளங்களுக்குச் சான்று கொடுத்துவந்தது. 2022 டிசம்பரோடு அந்தச் சேவை நின்றுவிட்டது. அதன் பிறகும் அந்த முத்திரையைக் கழற்றாமல் வைத்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால், உள்ளே இருப்பதும் அவ்வளவு பழசோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஒரு இடத்தை எடைபோட எனக்குக் கை கொடுத்தது 2023-இல் வந்த செயற்கை இனிப்புச் செய்திதான். மாமியார் டீயில் இனிப்பு மாத்திரை போட்டுக் குடிப்பவர், அதனால் வரிக்கு வரி படித்தேன். மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வேண்டிய ஒரே வரி அதுதான், பல செய்திகளில் விட்டுப்போனதும் அதேதான். ஜூலையில் அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூட்டிய நிபுணர் குழுவால், அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்க்கப்பட்டது. அதே நேரத்தில் இன்னொரு நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் இல்லை என்றது. 60 கிலோ ஆளுக்கு 2400 மில்லிகிராம். முதல் குழு பார்ப்பது ஆபத்துக்கு வாய்ப்பு உண்டா என்பதை. இரண்டாவது குழு பார்ப்பது எவ்வளவு போனால் ஆபத்து என்பதை. இரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து விளக்கியவர்கள் என் பட்டியலில் தங்கிவிட்டார்கள். முதல் பாதியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு என் மாமியாரை இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் செய்தவர்கள் போய்விட்டார்கள்.

கலோரி ஆப்களை விட்டுவிட்டேன். ஒரே இட்லிக்கு மூன்று பேர் மூன்று எண் ஏற்றியிருக்கிறார்கள், எந்த இட்லி எத்தனை கிராம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட்டுக்குத் தசமப் புள்ளியோடு கலோரி காட்டுகிறது. சீரகச் சம்பா எவ்வளவு, கறி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பது கடைக்குக் கடை மாறும்போது தசமப் புள்ளிக்கு என்ன வேலை? "சுமார் இத்தனையிலிருந்து இத்தனை வரை" என்று சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. சத்துமாவு விற்பவரே சத்துமாவின் பெருமையை எழுதினால், விளம்பரம் என்று மேலேயே போட வேண்டும். 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மால்ட் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது, சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால். அதன் பிறகும் அதே வார்த்தையைக் கட்டுரைக்குள் கொண்டுவருகிறவர்களை நான் படிப்பதில்லை.

எங்கள் வேலூர் ஆஸ்பத்திரி ஊர். எந்த வதந்திக்கும் "பெரிய டாக்டர் சொன்னது" என்று ஒட்டிவிட்டால் இங்கே உடனே எடுபடும். ஆனால் உணவு விஷயத்தில் யார் பார்த்துச் சரி என்று சொன்னார் என்பதில் பெரிய டாக்டரைவிட உணவியல் நிபுணரின் பெயர்தான் எனக்கு முக்கியம். மாமியாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டயட்டீஷியன் கேட்ட கேள்விகளே எனக்குப் பாடம்: "எந்த டம்ளர்ம்மா, சின்னதா பெருசா? குழம்புக் கரண்டியா, சோத்துக் கரண்டியா? மாவுல நொய் எவ்ளோ போடுவீங்க?" அளவைக் கேட்காமல் அந்த அம்மா ஒரு பதிலும் சொல்லவில்லை. நல்ல கட்டுரைக்குப் பின்னால் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பது படிக்கும்போதே தெரியும்.

திருத்தம் செய்யும் விதத்தில் இன்னும் ஒரு மனக்குறை. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு, நீங்கள் போட்ட கீரை எண் பழையது என்று எழுதினேன். சில நாளில் எண் மாறியிருந்தது, ஆனால் மாற்றியதற்கு ஒரு அடையாளமும் இல்லை. பழைய எண்ணை நம்பி எழுதிவைத்துக்கொண்டவருக்கு எப்படித் தெரியும்? பெரிய ஆய்விதழ்களே இதை வெளிப்படையாகச் செய்கின்றன. ஆலிவ் எண்ணெய், பாதாம், அக்ரூட் போன்ற கொட்டைகள் சேர்ந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறை பற்றி 2013-இல் வந்த பிரபலமான ஸ்பெயின் ஆய்வை, ஆட்களைப் பிரித்த முறையில் கோளாறு என்று 2018-இல் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு, அடக்கமான வார்த்தைகளில் மறுபடி வெளியிட்டார்கள். அதனால் அந்த ஆய்விதழின் பெயர் கெட்டுவிடவில்லை.

இப்போதைக்கு என் வழக்கம் இதுதான். பச்சைப் பொருளின் சத்துக்கு 2017 அட்டவணை. கத்திரிக்காயிலேயே பல வகைகளைத் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய நம் முள்ளு கத்திரிக்காய் வாங்கும்போது அதில் உள்ள எண்களின் வீச்சைப் பார்த்துக்கொள்வேன். பொதுவான சாப்பாட்டு முறைக்கு அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற அதன் வரியை வைத்துத்தான் மாமனாரின் ஊறுகாயைக் குறைத்தேன். களி, கூழ், பிரியாணி போன்றவற்றுக்கு மாவு, நொய், எண்ணெய் என்று தனித்தனியாக எடைபோட்டுக் கூட்டிக்கொள்கிறேன். இந்தக் கூட்டலை நம் ஊர் அளவில், நம் ஊர்ப் பாத்திரத்தில், பெயரும் தேதியும் போட்டு ஒரு தமிழ்ப் பத்திரிகை செய்து கொடுத்தால் சந்தா கட்ட நான் தயார்.