விபிஎன் மெதுவாக இருக்கிறதென்று புது ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்துதான் வேலை. கோப்புகளை விபிஎன் வழியாகத்தான், அதாவது தகவலைப் பூட்டி வேறொரு சேர்வர் வழியாக அனுப்பும் இணைப்பில்தான், திறக்க வேண்டும் என்பது கம்பனி நிபந்தனை. ஃபைபர் இணைப்பு நன்றாகவே ஓடும், விபிஎன் போட்டவுடன் ஊர்ந்துபோகும். கடையில் கேட்டால், "அக்கா, உங்கட ரவுட்டர்தான் பிழை, இதைப் போட்டா பறக்கும்" என்று 32,000 ரூபாய்க்கு ஒரு ரவுட்டரையும், கூடவே 'ஆயுட்கால' விபிஎன் கணக்கு ஒன்றையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

அங்கேயே போனில் வேகத்தைச் சோதித்தும் காட்டினார்கள். வீட்டில் காட்டுவதற்காக அதைப் படம் எடுத்திருந்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், ஆண்ட்ராய்டு போனில் விபிஎன் ஓடும்போது திரையின் மேலே வரும் சாவிச் சின்னத்தைக் காணவில்லை! விபிஎன்னை அணைத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கொழும்பிலேயே உள்ள சேர்வருக்குச் சோதனை ஓட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் நடந்த பிழை இல்லை, பச்சை ஏமாற்று.

என் விபிஎன் ஓடுவது மடிக்கணினியில். மறையாக்கம் செய்வதும், அதாவது தகவலைப் பூட்டுவதும் அதுதான், ரவுட்டர் பொதியை (தகவல் துண்டை) அப்படியே கடத்திவிடுகிறது, அவ்வளவுதான். விபிஎன்னை ரவுட்டரிலேயே ஓட்டுபவர்களுக்குத்தான் அதன் பிராசசர் பெரிய விஷயம். எனக்கு உண்மையான காரணம் செட்டிங்ஸுக்குள் இருந்தது: செயலி நியூயோர்க் சேர்வரில் நின்றது, அதுவும் ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் முறையில், டிசிபி மேல். டிசிபி என்பது தொலைந்த பொதியைத் திருப்பி அனுப்பும் அனுப்பு முறை. ஒரு பொதி தொலைந்தால் உள்ளே ஓடும் டிசிபியும் வெளியே ஓடும் டிசிபியும் இரண்டுமே திருப்பி அனுப்பப் பார்க்கும், தூரம் கூடக் கூட அந்த இழுபறியும் கூடும். பக்கத்தில் உள்ள சிங்கப்பூர் சேர்வருக்கும், வெளியே டிசிபி இல்லாமல் ஓடும் வயர்கார்டு என்ற விபிஎன் முறைக்கும் மாற்றினேன், பழைய ரவுட்டரிலேயே மீட்டிங் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

அந்த ஆயுட்காலக் கணக்கு அதைவிட மோசம். கொஞ்ச நாளில் 'சாதன எண்ணிக்கை மீறிவிட்டது' என்று வந்தது. ஒரே கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள், யார் யாரோ அதே பாஸ்வேர்டில் நுழைகிறார்கள். இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கிய 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அவசரத்துக்கு விபிஎன் ஏற்றிய நம் ஆட்களிடம் இப்படிப்பட்ட கணக்குகளை விற்பது சுலபம், அதுதான் எனக்குக் கோபம்.

எந்தக் கடையில் சோதித்துக் காட்டினாலும் சாவிச் சின்னத்தை (ஐபோனில் 'VPN' என்ற எழுத்தை) பாருங்கள், விபிஎன்னை அணைத்தும் போட்டும் ஒரே சேர்வருக்கே ஓட்டச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள், அந்தச் சீட்டை வைத்துத்தான் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.