செல்லப்பிராணியை விமானத்தில் அனுப்ப ஏஜென்ட் பிடிக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாயையோ பூனையையோ வெளிநாட்டுக்கு அழைத்துப் போக ஏஜென்ட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நாய் டைகரை ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகப் பணம் வாங்கிய நிறுவனம், வேலையைத் தலைகீழாகச் செய்தது. அதை மறைக்கத் தேதி மாற்றிய தடுப்பூசிப் புத்தகம் ஒன்றைத் தயாரித்தது. கடைசியில் போடாத புக்கிங்குக்கு ஒரு நம்பரையும் கொடுத்தது. பெயரைக் கேட்காதீர்கள். புகார் விசாரணையில் இருக்கிறது. தவிர, அந்தப் பெயரில் இப்போது அவர்கள் இல்லவும் இல்லை.

ஆரம்பத்தில் பேச்செல்லாம் தேன்தான். "டோர் டு டோர் மேடம், எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், நீங்க டென்ஷனே ஆகாதீங்க." இணையதளத்தில் சர்வதேச செல்லப்பிராணிப் போக்குவரத்துச் சங்கமான இபாட்டாவின் முத்திரை இருந்தது. அந்தச் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை எல்லோரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பிறகு தேடினோம், இவர்கள் அதில் இல்லை. முத்திரையைப் படமாக எடுத்து ஒட்ட யாராலும் முடியும்.

இனி அவர்கள் செய்த முதல் காரியம். வீட்டுக்கு ஒரு மருத்துவரை அனுப்பி ரேபிஸ் தடுப்பூசி போட்டார்கள். தோலுக்கு அடியில் வைக்கும், அடையாள எண் உள்ள மைக்ரோசிப் கையிருப்பில் இல்லையாம், வந்ததும் போடுவார்களாம். சில வாரம் கழித்து வந்து சிப்பையும் போட்டுவிட்டுப் போனார்கள். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் மொத்தக் காரியமும் அங்கேயே கெட்டுப்போனது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சிப் முதலில், ஊசி அப்புறம். ஒரே நாளில் இரண்டையும் போடலாம், ஊசி முந்தக் கூடாது. அடையாள எண் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதால் அது கணக்கிலேயே வராது.

ஊசி கணக்கில் வராவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் வராது. ரேபிஸ் விஷயத்தில் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து, எங்களைப் போலப் போகிறவர்களின் பிராணிக்கு, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ரிப்போர்ட் நன்றாகவே வந்தது. 15 இலக்க சிப் எண், அளவு, முத்திரை எல்லாம் சரி. காத்திருப்பும் முடியப்போகிறது. டிக்கெட் போட்டாயிற்று, வீட்டைக் காலி செய்ய நோட்டீஸும் கொடுத்தாயிற்று. சுகாதாரச் சான்றிதழுக்காக அரசு கால்நடை அதிகாரியிடம் புத்தகத்தை நீட்டினால், அவர் இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "இது செல்லாதும்மா" என்றார். ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இதையே பிழைப்பாகச் செய்கிறவர்களுக்கு இத்தனை மாதம் தெரியாமல் இருந்திருக்குமா?

தெரிந்திருந்தது. போன் செய்ததும் அவர்கள் பதறவே இல்லை. "அதுக்கென்ன மேடம், வேற புக் போட்டுக்கலாம்" என்றார்கள். மறுநாளே புதுப் புத்தகம் வந்தது. சிப் தேதி ஊசிக்கு முந்தைய நாள் என்று எழுதியிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடுப்பூசிக் குப்பியின் லேபிளைப் பழைய புத்தகத்திலிருந்து உரித்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையில் பழைய தாளின் நார் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, பேட்ச் எண்ணின் கடைசி எழுத்து பாதியில் கிழிந்திருந்தது. பல மாத இடைவெளியில் எழுதியதாகச் சொல்லும் எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே மை.

வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். இப்படிப்பட்ட காகிதத்தோடு போய் இறங்கி மாட்டினால் ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, அகப்படுவது பிராணிதான். திருப்பி அனுப்புவார்கள், அல்லது தனிமைப்படுத்துவார்கள், இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கடைசியாகக் கருணைக்கொலை வரைக்கும் விதியில் இடம் இருக்கிறது. செலவெல்லாம் உரிமையாளர் தலையில். "எல்லாரும் இப்படித்தான் மேடம் போறாங்க" என்று அந்த நிறுவனத்துப் பையன் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். எங்கள் மருத்துவரே சிப்பை ஸ்கேன் செய்து, எண்ணைப் பதிந்து, புதிதாக ஊசி போட்டார். 30 நாள், ரத்தம், மறுபடி 3 மாதம். வேலையில் சேரும் தேதி காத்திருக்குமா? நானும் கணவரும் பிள்ளைகளும் முன்னால் கிளம்பினோம். டைகர் என் அண்ணி வீட்டுக்குப் போனான். பேர்தான் டைகர், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அண்ணி தினமும் வீடியோ கால் போட்டுக் காட்டுவார். அவன் திரையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இங்கே இன்னொரு விதியும் குறுக்கே வந்தது, ஏஜென்ட் வாயே திறக்காத விதி. உரிமையாளரின் பயணத்துக்கு 5 நாள் முன்போ பின்போ பிராணி வந்து சேர வேண்டும். அதைத் தாண்டினால் சொந்தப் பிராணி என்ற சலுகை போய், வியாபாரத்துக்குக் கொண்டுவரும் விலங்குக்கான கடுமையான விதிகள் பொருந்தும். ஆக, அவனைக் கூட்டிவர என் கணவர் மறுபடி அங்கே போய்த் திரும்பியே ஆக வேண்டும் என்றானது.

இத்தனைக்கும் பிறகு ஏன் அவர்களை விட்டுத் தொலைக்கவில்லை என்று கேட்கலாம். பணம் அவர்களிடம்தானே இருக்கிறது! பாதிக்கு மேல் வாங்கியிருந்தார்கள், அதுவும் நேரடி வங்கிப் பரிமாற்றத்தில். திருப்பிக் கேட்டால், "சர்வீஸ் கொடுத்தாச்சே" என்பது பதில். மீதி வேலையான கூண்டு, விமான புக்கிங் இரண்டையும் கூடுதல் பணம் இல்லாமல் முடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

கூண்டு வந்தது. மேல்பாதியும் கீழ்பாதியும் பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டியது, அடியில் சக்கரம், பின்பக்கம் காற்று போக ஒரு துளை கிடையாது. விமானப் பயணத்துக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்குகளுக்கான விதிதான் அளவுகோல். பெட்டியின் இரு பாதிகளும் உலோக போல்ட் நட்டால் பூட்டியிருக்க வேண்டும். சர்வதேசப் பயணமென்றால் நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்ப முடிய வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்ற வேண்டும், அல்லது நகராமல் கட்ட வேண்டும். அளவையும் நீங்களே எடுத்துவிடலாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். உயரத்துக்கு, பிராணி நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காதோ, எது உயரமோ அதுவரை அளந்து, விரிப்பின் கனத்தையும் சேர்க்க வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு இனமென்றால் இன்னும் 10 சதவீதம் பெரிதாக. அவர்கள் அனுப்பியதில் டைகர் உட்கார்ந்தாலே காது கூரையில் இடித்தது.

கூடவே ஒரு பில். "கூண்டு குளிரூட்டும் கட்டணம்", "ஆக்சிஜன் காப்பீடு, பயணம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்" என்று இரண்டு வரி. பிராணிகளை ஏற்றும் சரக்கறையில் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தமும் வெப்பமும் பராமரிக்கப்படுகின்றன. கூண்டுக்குத் தனி ஏசியும் கிடையாது, ஆக்சிஜனும் கிடையாது. திரும்பக் கிடைக்கும் காப்பீடு என்பது இந்தத் துறை மோசடிகளில் அரதப்பழசு. பயத்துக்கு மயக்க மாத்திரை தருவதாகவும் சொன்னார்கள். மயக்கத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கலாம் என்பதால் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், மயங்கிய பிராணியைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

பில்லைக் கட்ட மாட்டோம் என்றதும், புக்கிங் ஆகிவிட்டதென்று ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) நம்பர் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். விமான நிறுவனத்தின் கார்கோ தளத்தில் போட்டால் எதுவும் வரவில்லை. "சிஸ்டம்ல ஏற ரெண்டு நாள் ஆகும்" என்றார்கள். கார்கோவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் நம்பரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஏர்வே பில் எண்ணில் 11 இலக்கம். முதல் 3 விமான நிறுவனத்தின் குறியீடு, அடுத்த 7 வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். அந்த 7 இலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. ஏழால் வகுத்த மீதி 6-ஐத் தாண்டாது. எங்களுக்கு வந்த நம்பர் 9-இல் முடிந்தது.

அதோடு அவர்களை விட்டோம். என் கணவர் தன் டிக்கெட்டுக்கு விமான நிறுவனத்திடமே பேசி, அதே விமானத்தின் சரக்கறையில் டைகருக்கும் இடம் போட்டார். இந்த வழி எல்லா நாட்டுக்கும் சரிப்படாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்றவை பிராணியைத் தனி கார்கோவாக மட்டுமே வர விடும். அங்கே போகிறவர்களுக்கு ஏஜென்ட் பெரும்பாலும் தவிர்க்க முடியாதவர். அப்படியானால் ஊசி, சிப் தேதிகளை உங்கள் கண்ணால் பாருங்கள், ஏர்வே பில் எண்ணை விமான நிறுவனத்திடம் நேராகக் கேட்டு உறுதி செய்யுங்கள், மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். "பிராசஸ்ல இருக்கு" என்ற பதிலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

டைகர் வந்து சேர்ந்துவிட்டான். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆட்கள் வேறு பெயரில், வேறு முத்திரையோடு மறுபடி விளம்பரம் செய்கிறார்கள். இணையதளத்தில் படங்கள்கூட அதேதான். அவர்கள் அனுப்பும் கட்டண விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். "கூண்டு குளிரூட்டும் கட்டணம்" என்று இருந்தால் அவர்களேதான்.