ஆறு வருஷமாக ஒரே ஷீட்டில் ஐந்து நூலகர்கள்

ஓசியில் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளி நூலகத் தேடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2019-இலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்கப் புத்தகங்களின் இணையப் பட்டியலான டிஓஏபி (DOAB) தரும் பதிவுகளை மொத்தமாக எங்கள் கல்லூரி நூலக மென்பொருளான கோஹாவில் இறக்கிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி 'எக்காலஜி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஜெர்மன் புத்தகமும் ஸ்பானிஷ் புத்தகமும் வரிசைகட்டி நிற்கின்றன (எந்த மொழிப் புத்தகமானாலும் பாடத்தலைப்பு ஆங்கிலத்தில் இருக்கிறதே, அதனால்தான்), எங்கள் அலமாரியில் இருக்கிற புத்தகம் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இறக்கிய தொகுப்பை அப்படியே திரும்ப எடுக்கும் வசதி கோஹாவில் இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம்தான் சுற்றுவட்டாரக் கல்லூரி நூலகர்கள் நான்கு பேரோடு பேசி எந்தப் புத்தகத்தைச் சேர்க்கலாம், எது வேண்டாம் என்று பார்த்துக் குறித்துவைக்க ஒரு கூகுள் ஷீட் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு பாடம், எனக்குத் தாவரவியலும் விலங்கியலும். மொழி, உரிமம், பார்த்தவர் பெயர் என்று பத்திகள் போட்டோம். அதில் இன்றுவரை கைகொடுப்பது 'ஏன் வேண்டாம்' என்ற பத்திதான். காரணத்தை எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே புத்தகத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்.

ஆய்விதழ்களுக்கு டிஓஏஜே (DOAJ), அதாவது திறந்த அணுக்க இதழ்களின் இணையப் பட்டியல். அங்கே இருந்தால் போதும் என்று நினைத்தவன்தான் நானும். ஆனால் அவர்களே 2014-இல் விதிகளை இறுக்கி, பழைய இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லி, 2016 மே மாதம் சுமார் 3,300 இதழ்களை நீக்கியவர்கள், அதனால் பருவத்துக்கு ஒருமுறை ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்) போட்டுச் சரிபார்க்கிறோம். ஒரு பேராசிரியர் கொண்டுவந்த இதழின் தளத்தில் டிஓஏஜே முத்திரை பளிச்சென்று இருந்தது, தேடினால் பட்டியலில் ஆளே இல்லை. வேண்டாம் சார் என்றேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குறை? இணைப்புகள்தான். சோதிக்கும் ஸ்கிரிப்ட் சரி என்கிறது, திறந்தால் புத்தகத்துக்குப் பதில் பதிப்பாளரின் முகப்புப் பக்கம். கையால் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

போன வருஷத்திலிருந்து புத்தகப் பதிவில் கூடுதல் தேடுசொற்களுக்கென உள்ள 653 புலத்தில் தமிழ்ச் சொற்களையும் சேர்க்கிறோம். 'மண்புழு' என்று தட்டினால் இப்போது நான்கு புத்தகம் வருகிறது. வணிகவியலில் இன்னும் ஒன்றுமில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் ஜூனில் மாற்றலாகிப் போய்விட்டார்.